பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடணுமா, தேத்தி ஓட்டலாமா? விண்டோஸ் 10 காலக்கெடுவுக்குப் பிறகு செய்ய வேண்டியவை: முழு விளக்கம்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10, பத்து வருஷம் கோடிக்கணக்கான வீடுகளில் ஓடிய சிஸ்டம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஹாலின் ஓரத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் பல அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களும் இதில் அடக்கம்.

பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கரன்ட் பில், வீட்டிலிருந்தே பார்க்கும் அக்கவுன்ட்ஸ் வேலை என எல்லாமே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அது இப்போது ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறது, பிரவுசரைத் திறந்தால் சுத்திக்கொண்டே இருக்கிறது. கடையில் கேட்டால், "இதெல்லாம் இனிமே வேலைக்கு ஆகாது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்ன செலவு இல்லை.

உண்மையில் புதுசுதான் வாங்கணுமா? பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருப்பது ஒரு பிரச்னை. பாதுகாப்பு அப்டேட் வராதது வேறு பிரச்னை. முதலாவதை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு புது டிஸ்க்கும் சரிசெய்துவிடும். இரண்டாவதற்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் ஐந்து நிமிட செக்கப்

கடைக்குப் போகும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

1. டிஸ்க்: ஹெச்டிடி என்று போட்டிருக்கிறதா, எஸ்எஸ்டி என்று போட்டிருக்கிறதா? கம்ப்யூட்டர் ஆன் ஆன பிறகு ரொம்ப நேரம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ஸ்லோவுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

2. ரேம்: மொத்தம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது, வேகம் எவ்வளவு என்று காட்டும். 1333 அல்லது 1600 என்றால் அது டிடிஆர்3. 2133, 2400, 2666 என்றால் டிடிஆர்4. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது.

3. புரோசஸர்: பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ3-3220 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-4460 என்றால் நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டு. ஐ3-10100 மாதிரி ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள், அது பத்தாம் தலைமுறை.

4. சிஸ்டம் டைப்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். அங்கே 32-பிட்டா 64-பிட்டா என்று இருக்கும். 32-பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அதற்குப் பயன்படுத்தத் தெரியாது.

இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் பேசும்போது இதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

எஸ்எஸ்டி: முதல் செலவு இதற்குத்தான்

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். கிராமபோன் ஊசி மாதிரி ஒரு முனை அதன் மேல் அங்கும் இங்கும் ஓடி, வேண்டிய தகவலைத் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். அதாவது, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது செகண்டுக்கு நூறு தேடல்தான் சாத்தியம். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத்தான் கேட்கிறது. ஊசி திணறுகிறது, நாம் காத்திருக்கிறோம்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. முழுக்க சிப்தான். அதே சின்ன ஃபைல்களை செகண்டுக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். இதனால்தான் பத்து வயசான கம்ப்யூட்டர்கூட எஸ்எஸ்டி போட்டதும் சில நிமிடங்களுக்குப் பதிலாக அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கிறது.

பழைய போர்டுகளுக்குப் பொருந்துவது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. குச்சி மாதிரி இருக்கும் என்விஎம்இ வகையைக் கடைக்காரர் காட்டினால், உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2015-க்கு முந்தைய பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் அது இருக்காது. வீட்டு உபயோகத்துக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். போட்டோ, வீடியோ வைக்க அதே கேபினட்டில் இரண்டாவது டிஸ்க்காக இருக்கட்டும். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால், அந்த இடத்தில் ஒரு கேடி போட்டு பழைய டிஸ்க்கை அதில் வைக்கலாம்.

ஃபார்மட் அடிக்காமல், இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றுவதற்கு குளோனிங் என்று பெயர். குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன் முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ரேம்: 8 ஜிபி போதும்

விண்டோஸ் 10 சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட 2 ஜிபியை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கம்ப்யூட்டரில் குரோமில் பத்து டேப் திறந்தால் இடம் தீர்ந்துவிடும். அதன் பிறகு சிஸ்டம் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். டிஸ்க் ஏற்கெனவே மெதுவானது என்றால் நிலைமை இன்னும் மோசமாகும். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். படிப்பு, டாக்குமென்ட், யூடியூப் அளவுக்கு அதற்கு மேல் அவசியமில்லை.

டெஸ்க்டாப் ரேம் நீளமானது, லேப்டாப் ரேம் குட்டையானது. டிடிஆர்3-யிலேயே குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று ஒரு வகையும் உண்டு. சில லேப்டாப்கள் அதை மட்டும்தான் ஏற்கும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. பயன்படுத்திய ரேம் வாங்கினால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித் தரும் உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவை கூடியதால், 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை உலகம் முழுக்கவே ஏறியிருக்கிறது. போன வருஷ விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

காசு செலவில்லாமலே சரியாகும் சில கோளாறுகள்

டம்மு டம்மென்று ஆஃப் ஆகிறதா? கேபினட்டைத் திறந்து பாருங்கள். ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். லாரிகள் ஓடும் ரோட்டோரத்திலும் எஸ்டேட் பக்கத்திலும் இருக்கும் வீடுகளில் இது சகஜம். பவரைத் துண்டித்துவிட்டு பிளோயரால் ஊதினாலே பாதிப் பிரச்னை தீரும். புரோசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் வருஷக்கணக்கில் காய்ந்துபோயிருந்தால் அதை மாற்றச் சொல்லலாம். அது சின்ன செலவுதான்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் தப்பாகக் காட்டுகிறதா? வெப்சைட் எல்லாம் 'பாதுகாப்பானது இல்லை' என்கிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். இதற்காக யாராவது மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் நனைந்த கம்ப்யூட்டரை உடனே ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து வையுங்கள். மெஷின் போனாலும் உள்ளே இருக்கும் போட்டோவும் சர்ட்டிபிகேட்டும் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது.

எதற்குச் செலவு பண்ண வேண்டாம்?

பழைய போர்டுக்குப் புது புரோசஸர் தேடுவது, கேம் ஆடாத வீட்டில் கிராபிக்ஸ் கார்டு போடுவது, 'பிசி பூஸ்டர்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்களை வாங்குவது: மூன்றும் வீண். போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் ரிப்பேர் கணக்கு ஒத்துவராது. அந்த நிலைமையில் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாரன்டியோடு வாங்குவது புத்திசாலித்தனம்.

இப்போது இரண்டாவது கேள்வி: விண்டோஸ் 10-ஐ என்ன பண்ணுவது?

எஸ்எஸ்டி, ரேம் போட்டு கம்ப்யூட்டர் பறக்கிறது. ஆனால் அப்டேட் வராத விண்டோஸ் 10-தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. புதுசாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு அடிக்கிறோம், ஆதார் நகல் வைத்திருக்கிறோம். பழைய பூட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்த கதை இது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி 1: விண்டோஸ் 11-க்கு மாறுவது

4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 ஆகியவை வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்தான் பட்டியலில் இருக்கின்றன. தோராயமாக, 2018-க்கு முன்பு வாங்கிய கம்ப்யூட்டர் பெரும்பாலும் தேறாது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப் இதைச் சரியாகச் சொல்லிவிடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். எட்டாம் தலைமுறை புரோசஸர் இருந்தும் 'டிபிஎம் இல்லை' என்று காட்டினால் பதற வேண்டாம். அது பயாஸில் ஆஃப் ஆகியிருக்கலாம். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் அந்த ஆப்ஷன் இருக்கும். அதை ஆன் செய்தாலே பல கம்ப்யூட்டர்கள் தேறிவிடும்.

தேறாத கம்ப்யூட்டரிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போனால் என்ன பிரயோஜனம்?

வழி 2: ஒரு வருஷம் நேரம் வாங்குவது

விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சுருக்கமாக இஎஸ்யு. 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுன்ட்டோடு சிங்க் செய்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட் கொடுக்கலாம் அல்லது 30 டாலருக்கு இணையான தொகை கட்டலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான பட்டன் இருக்கும்.

இதில் புது வசதி எதுவும் வராது, ஓட்டைகள் மட்டும் அடைபடும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் இப்போது எதையும் மாற்ற வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரியான வழி. அந்த ஒரு வருஷத்துக்குள் அடுத்த முடிவை எடுத்துவிட வேண்டும்.

வழி 3: லினக்ஸ்

மெயில், யூடியூப், ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங் ஆகிய வேலைகளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும். லினக்ஸ் மின்ட், ஜோரின், இன்னும் லைட்டாக வேண்டுமென்றால் லுபுன்டு. எல்லாமே இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். பிரவுசர் மட்டும் போதும் என்றால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இருக்கிறது. ஆனால் அதில் பிளே ஸ்டோர் ஆப்கள் ஓடாது.

தமிழ் டைப்பிங் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். தமிழக அரசு 1999-ல் அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரின்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

யாருக்கு லினக்ஸ் சரிப்படாது? டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஆட்டோகேட் வரைபவர்கள், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகுபவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்து தருபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் பிரபலமான கேனான் எல்பிபி 2900 பிரின்டரை லினக்ஸில் ஓட வைப்பதும் தலைவலி பிடித்த வேலை.

அரசு கொடுத்த லேப்டாப் பரணில் இருக்கிறதா?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியதே இந்தப் பக்கம்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சென்னையில் இருக்கும் சி-டாக் மையம் உருவாக்கியதுதான் பாஸ். அன்று பலரும் திறந்துகூடப் பார்க்காமல் விட்ட லினக்ஸ்தான், இன்று அதே லேப்டாப்புக்கு இருக்கும் ஒரே நல்ல வழி. அதன் புரோசஸருக்கு விண்டோஸ் 11 வராது.

பரணிலிருந்து இறக்கியதும் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜரைச் சொருகவே கூடாது. கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள பழைய மாடல்கள் பெரும்பாலும் சார்ஜரில் நேரடியாகவே ஓடும். ஓர் எஸ்எஸ்டியும் லைட்டான லினக்ஸும் போட்டால், ஸ்கூல் படிக்கும் பிள்ளைக்கு டைப்பிங் பழக, பாடம் பார்க்க அது போதும்.

வீட்டில் காலேஜ் படிப்பவர் இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தகுதி இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்டுவிட்டு, பெரிய செலவைத் தள்ளிப்போடலாம்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது?

உள்ளூர் கடையில் எஸ்எஸ்டி கிடைத்துவிடும். பழைய டிடிஆர்3 ரேம், கேடி போன்றவற்றுக்கு அண்ணா சாலை பக்கம் இருக்கும் ரிச்சி தெருதான் சரணாலயம். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி பெட்டி சீல் பிரிக்காமல் இருக்கிறதா, அதன் சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் கூடுமானவரை பக்கத்திலேயே இருந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, "ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்றால் அது ஒரிஜினலா என்று கேளுங்கள். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் ஓட்டும் கிராக் மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து உள்ளே வரலாம். மற்ற கம்ப்யூட்டரில் அப்டேட் வராததால் ஆபத்து என்றால், இதில் ஆபத்தை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

பணம் பறிபோனதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால்?

டிஸ்க்கில் இருப்பதை டெலீட் செய்தால் மட்டும் போதாது. திரும்ப எடுத்துவிட முடியும். முழுவதும் அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். காயலாங்கடையில் எடைக்குப் போட்டால், ஒயரை எரித்து காப்பர் எடுக்கும் புகை நம் தெருவுக்கே திரும்பி வரும்.

சுருக்கமாக

- எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல்: எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11. புதுசு தேவையில்லை.
- மூன்று முதல் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் மென்பொருள் கட்டாயம்: எஸ்எஸ்டி போட்டு இஎஸ்யுவில் சேருங்கள். 2026 அக்டோபருக்குள் மாற்று மெஷினுக்குப் பணம் சேர்த்துவிடுங்கள்.
- அதே கம்ப்யூட்டர், பிரவுசர் வேலை மட்டும்: எஸ்எஸ்டி, லினக்ஸ். இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.
- 2 ஜிபி ரேம், 32-பிட் மட்டுமே ஓடும் புரோசஸர்: இதற்கு மேல் காசு போட வேண்டாம்.
- விண்டோஸ் 7, 8.1 இன்னும் ஓடுகிறது: 7-க்கு 2020 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும் அப்டேட் நின்றுவிட்டது. குரோம் பிரவுசரும் 109-வது பதிப்போடு இவற்றைக் கைவிட்டுவிட்டது. எந்த வழிக்கு மாறுவது என்று முடிவெடுக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதீர்கள்.